மருத்துவச்சி கையிலிருந்து பட்டப்படிப்பு வரை

நம்ம கூட்டமைப்புல மே, ஜூன் மாசம் வந்தா கடன் விண்ணப்பத்துல பாதி, பிள்ளைங்க படிப்புக்காகத்தான் இருக்கும். அதுலயும் "பொண்ணை நர்ஸுக்குச் சேர்க்கணும்" என்று கேட்டு வருபவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். எந்த நர்ஸ் படிப்பு, எத்தனை வருஷம், யார் அங்கீகாரம் கொடுத்தது என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்க என்று மலர்க்குழுவில் சொன்னார்கள். மாமல்லபுரத்துச் சிற்பத்தைப் பற்றியும் திருக்கழுக்குன்றம் கோயிலைப் பற்றியும் எழுத நம்மிடம் ஆள் இருக்கிறது. நான் இந்த நர்ஸ் படிப்பின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். எங்கள் கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் கேட்டதும், படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். செவிலித்தாய் என்று தமிழ்ப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம். சங்க காலத்தில் தலைவியைப் பெற்ற தாய் ஒருத்தி, வளர்த்த தாய் ஒருத்தி. அந்த வளர்ப்புத்தாய்தான் செவிலி. அவள் மகள்தான் தோழி என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்தப் பழைய சொல்லைத்தான் இன்றைக்கு நர்ஸுக்கு வைத்திருக்கிறோம். ஆனால் நம்ம ஊர்களில் அந்த வேலையைச் செய்தவளை யாரும் செவிலி என்று கூப்பிடவில்லை. மருத்துவச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்க ஆயா காலத்தில் எல்லாப் பிரசவமும் வீட்டில்தான். பல ஊர்களில் நாவிதர் குலத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். மாமியார் கையைப் பார்த்து மருமகள் கற்றுக்கொள்வாள். அதுதான் படிப்பு, அதுதான் சான்றிதழ். பிள்ளை குறுக்கே கிடக்கிறதா, தலை இறங்கிவிட்டதா என்று வயிற்றைத் தொட்டே சொல்லிவிடுவார்களாம். கூலி என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு மரக்கால் நெல்லு, ஒரு புடவை, வெத்தலை பாக்கு. ராத்திரி எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவார்கள். ஆனால் பிரசவம் முடிந்தபிறகு அவர்களைத் தீட்டு என்று திண்ணையில் உட்கார வைத்த வீடுகளும் உண்டு. பிள்ளையைக் கையில் ஏந்திய முதல் ஆளையே வெளியே நிறுத்திய வழக்கம் அது. இதையும் வரலாற்றில் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

அவர்கள் கையில் ஞானம் இருந்தது, சுத்தம் பற்றிய அறிவு இல்லை. தொப்புள்கொடியை அருவாளாலும் மூங்கில் சிம்பாலும் அறுத்தார்கள். அதனால் பிறந்த பிள்ளைக்கு ரணஜன்னி கண்டு ஏழாம் நாள் எட்டாம் நாள் போய்விடும். ரத்தப்போக்கு வந்தால் தாய்க்கும் அதே கதிதான். மருத்துவச்சியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அப்போது யாரும் முன்வரவில்லை.

பட்டணத்தில் கதை வேறு. 1664-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளே வெள்ளைக்கார சிப்பாய்களுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். இன்றைக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கிற பெரியாஸ்பத்திரியின் ஆரம்பம் அதுதான். 1844-ல் பிரசவத்துக்கென்று தனி ஆஸ்பத்திரி வந்தது. நம்ம பக்கத்திலிருந்து சிக்கலான கேஸ் என்று அனுப்புகிற எழும்பூர் ஆஸ்பத்திரி அதன் வழி வந்ததுதான். 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி வைக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 1871-ல் பெரியாஸ்பத்திரியில் செவிலியர் பயிற்சியே தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் செவிலியர் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆரம்பித்தபோது ஆறு மாதப் பயிற்சி, நாலே நாலு மாணவிகள்.

இதற்கெல்லாம் பின்னால் லண்டனில் ஒரு அம்மா இருந்தார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1860-ல் அங்கே செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதல் முறையான செவிலியர் பள்ளியைத் தொடங்கியவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் இங்கே ஆஸ்பத்திரிகளில் செவிலியர் ஏற்பாடு எப்படி இருக்கவேண்டும் என்று 1865-ல் விவரமாக எழுதி அனுப்பினார்.

பள்ளி தொடங்கிவிட்டார்களே தவிர, நம்ம பெண்கள் போய்ச் சேரவில்லை. ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும்தான். அந்நிய ஆம்பளையின் உடம்பைத் தொட்டுத் துடைக்கிற வேலை, ராத்திரி வெளியே தங்குகிற வேலை, எல்லா சாதிக்காரர் மலத்தையும் மூத்திரத்தையும் எடுக்கிற வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். இன்னொரு பக்கம், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று நம்ம பெண்களே செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ரெண்டு கட்டுப்பாடும் ஒரே வீட்டில்தான் இருந்தது. பெண் வைத்தியம் படிக்கவும் கூடாது, பெண்ணை ஆண் பார்க்கவும் கூடாது. அப்படியானால் யார்தான் பார்ப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டு எழுந்தவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வக்கீலாக இருந்த ஒரு ஆங்கிலேயரின் மனைவி. நம்மைப்போல இல்லத்தரசியாக இருந்தவர், பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டார். பிறகு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவிகள் அவர்கள்தான். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-ல் தொடங்கியதற்கு அவர்தான் காரணம். கோஷா என்றால் திரை. முகம் காட்டாத பெண்களும் வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெயர். டாக்டர் படிப்புக்குள் அவர் நுழைந்த வாசல் மருத்துவச்சிப் பயிற்சிதான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னொரு கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. அச்சிறுப்பாக்கம் தாண்டினால் திண்டிவனம். அங்கே மிஷன் டாக்டராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கடர். 1890-களில் ஒரு ராத்திரி. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு சாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள் என்று அந்தப் பொண்ணு சொன்னாள். ஆண் டாக்டர் வேண்டாம், நீ வாம்மா என்றார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் செத்திருந்தார்கள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பிய ஐடா, 1900-ல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1909-ல் அங்கே செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

ஐடா அம்மாவின் கதையை எல்லாரும் சொல்வார்கள். நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். டாக்டர் பள்ளிக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே அவர் செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். முதலில் எது வேணும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1926 முக்கியமான வருஷம். அந்த வருஷம்தான் சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் வந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டம் வந்தபிறகு, பயிற்சி முடித்தவர்கள் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி, பதிவு எண் கொடுக்கும் முறை வந்தது. இப்போதைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்குப் போனதும் அதே 1926-ல்தான். நம்ம கர்ப்பிணிப் பெண்களுக்குக் கிடைக்கிற மகப்பேறு நிதி அவர் பெயரில்தான் இருக்கிறது.

பதிவு என்பதை ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைக்கவேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்வதானால் அதைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும். குழுமத்தில் பதிவு செய்ய முடிகிற படிப்புதான் செவிலியர் படிப்பு. மற்றதெல்லாம் வேறு.

நம்ம செங்கல்பட்டுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் ஒன்று உண்டு. டவுனுக்குப் பக்கத்தில் திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்தது. பெற்ற பிள்ளையே தொட மறுத்த நோயாளிகளுக்குப் புண் கழுவிக் கட்டுப்போட்ட இடம். 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியது. 1930-களிலிருந்து அங்கே தலைமை டாக்டராக இருந்தவர் ராபர்ட் காக்ரேன். 1944-ல் அவர் வேலூர் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1946-ல், வேலூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே வருஷம் டெல்லியிலும் தொடங்கினார்கள். இந்தியாவில் செவிலியருக்குப் பட்டம் என்று வந்தது அப்போதுதான். அதுவரை அது ஒரு தொழிற்பயிற்சி, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் நாட்டின் நிலைமை என்ன தெரியுமா? சுதந்திரத்துக்கு முன்னால் போர் என்கிற அதிகாரி தலைமையில் ஒரு குழு போட்டு, நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்து 1946-ல் அறிக்கை கொடுத்தார்கள். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அதில் கணக்கு. ஒரு ஒன்றியத்தில் இருக்கிற மொத்த ஊர்களுக்கும் சேர்த்து ரெண்டு மூன்று நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் பட்டணத்தில்தான் இருந்திருப்பார்கள். 1947 கடைசியில் இந்திய செவிலியர் குழும சட்டம் வந்தது. எந்தப் படிப்புக்கு என்ன தகுதி, எத்தனை வருஷம், என்ன பாடம் என்று நாடு முழுக்க ஒரே மாதிரி வரையறுக்கிற வேலை அந்தக் குழுமத்துக்கு. அதை மாற்றி, தேசிய செவிலியர் ஆணையம் வைக்க 2023-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது.

ஆனால் கிராமத்துக்கு யார் வருவார்கள்? நாலு வருஷம் படித்த பட்டதாரி, உப்பளத்து ஓரத்திலும் மீனவர் குப்பத்திலும் வந்து தங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்காக வந்ததுதான் துணைச் செவிலியர் படிப்பு, ஏ.என்.எம். என்று சொல்வோமே அது. 1951-ல் பஞ்சாபில் ஒரு ஆஸ்பத்திரியில் முதலில் தொடங்கியது. நடுநிலைப் பள்ளி வரை படித்திருந்தால் போதும், ரெண்டு வருஷப் பயிற்சி. 1977 வாக்கில் அதைப் பத்தாம் வகுப்பு ஆக்கி, பயிற்சியைப் பதினெட்டு மாதமாகக் குறைத்தார்கள். அதே காலத்தில் ஊர் மருத்துவச்சிகளுக்கும் அரசாங்கம் பயிற்சி கொடுத்தது. புது பிளேடு, சோப்பு, சுத்தமான நூல் எல்லாம் வைத்து ஒரு பெட்டி கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக யாரும் சொல்லிக்கொடுக்காததை அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம்ம ஊர் நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், இந்தத் துணைச் செவிலியர் படிப்பு வழியாக வந்தவர். ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்ஸம்மா என்பது கணக்கு. கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி நம்பர் போடுவது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, தடுப்பூசி நாளில் பிள்ளைகளை வரவைப்பது, குடும்பக்கட்டுப்பாடு பற்றிப் பேசுவது எல்லாம் அவர்தான். இந்தப் படிப்புக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்றிருந்த காலத்தில்தான் நானும் பத்தாவது முடித்தேன். அப்படி ஒரு படிப்பு இருப்பதை எங்க பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை, வீட்டிலும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 2012-க்கு அப்புறம் அதற்கும் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும் என்றாகிவிட்டது. படிப்பு மறுபடியும் ரெண்டு வருஷம் ஆனது. பத்தாவது படித்தவளுக்குத் திறந்திருந்த கதவு அன்றோடு சாத்திக்கொண்டது. சாத்தியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஊசியும் மருந்தும் கையாளுகிறவருக்குப் படிப்பு கூடுதலாக வேண்டும்தான். ஆனால் அந்தச் செய்தி நம்ம வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அதனால் வந்த நஷ்டத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மாற்றங்களால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். கடைசியாக எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களைப் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது இதற்குப் பெரிய காரணம். ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் கதவு திறந்திருக்கிறது, வெள்ளைக் கோட்டோ நீலச் சேலையோ ஒரு பெண் நிற்கிறாள் என்ற தைரியம்தான் நம்மை வீட்டிலிருந்து அங்கே கொண்டுபோனது.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. அதோடு சேர்ந்து அரசு செவிலியர் படிப்பும் அங்கே இருக்கிறது. 1988-ல் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில் செயல்படத் தொடங்கியபிறகு, மாநிலத்தின் நர்சிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை அதன் கீழ் போயின. மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி நர்சிங் கல்லூரி, காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கத்தில் செட்டிநாடு என்று தனியாரும் வந்தார்கள். கடைசி ரெண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதனால் சேர்க்கையும் கட்டணமும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்காகக் கூட்டமாக நம்ம ஊருக்கும் வருவார்கள். தோளில் பையோடு வீடு வீடாக வந்து, பிரஷர் பார்த்து, எத்தனை பேர், என்ன சாப்பிடுறீங்க என்று எழுதிப் போவார்களே, அது அவர்கள் பாடத்தில் ஒரு பகுதி. அதனால் அடுத்த முறை வந்தால் தண்ணி கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். நாலு வருஷத்தில் என்ன கஷ்டம் என்று அவர்களே சொல்வார்கள்.

இப்போது பட்டப்படிப்புக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கவேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக இருந்தாலும் சரி. அந்தப் பாடங்களைச் சேர்த்து 45 விழுக்காடு எடுத்திருக்கவேண்டும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 40. ஆங்கிலத்தில் தேறியிருக்கவேண்டும். சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது முடிந்திருக்கவேண்டும். உடல் தகுதிச் சான்று வேண்டும். படிப்பு நாலு வருஷம். 2021-ல் வந்த புது விதிப்படி எட்டு செமஸ்டர்.

இதெல்லாம் குறைந்தபட்சம்தான். 45 எடுத்தால் சீட் கிடைத்துவிடும் என்று நினைக்கக்கூடாது. அரசுக் கல்லூரிச் சீட்டும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டுச் சீட்டும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு போடுகிற தரவரிசைப்படிதான் கிடைக்கும். தமிழ்நாட்டில் அதற்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் கிடையாது. ஆனால் புதுச்சேரி ஜிப்மர், ராணுவச் செவிலியர் கல்லூரி போன்ற மத்திய அரசு இடங்களில் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். நீட் என்றால் டாக்டருக்கு மட்டும் என்று நினைத்து எழுதாமல் விட்ட பிள்ளைகள் நம்ம பக்கத்தில் உண்டு.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, முடிவு பன்னிரண்டாம் வகுப்பில் எடுப்பதில்லை என்பதைத்தான். பத்தாவது முடிந்து பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று கையெழுத்துப் போடுகிறோமே, அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது. காமர்ஸ் எடுத்த பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கினாலும் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது. சயின்ஸ் குரூப் கஷ்டம், பஸ் ஏறித் தூரமாகப் போகணும், பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லை என்று நாம் சொல்கிற காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆனாலும் அதன் விலை என்ன என்று தெரிந்து சொல்லவேண்டும்.

சயின்ஸ் எடுக்காதவர்களுக்கு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. ஜி.என்.எம். என்கிற பட்டயப்படிப்பு மூன்று வருஷம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 விழுக்காடு என்பது இந்தியக் குழுமத்தின் விதி, சயின்ஸ் படித்திருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. வருஷா வருஷம் வருகிற கையேட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இதை முடித்துப் பதிவு செய்தவர்கள் பிறகு இன்னும் ரெண்டு வருஷம் படித்துப் பட்டமும் வாங்கலாம். அதன்பிறகு எம்.எஸ்சி. இருக்கிறது, பேராசிரியர் வரை போகலாம். ஏ.என்.எம். முன்னமே சொன்னேன்.

பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ முடித்தவருக்குக் கொடுக்கிற பதிவில் ரெண்டு பெயர் இருக்கும். பதிவு பெற்ற செவிலியர் என்று ஒன்று, பதிவு பெற்ற மருத்துவச்சி என்று இன்னொன்று. ஆர்.என்., ஆர்.எம். என்று போர்டில் போடுவது இதுதான். திண்ணையில் உட்கார வைத்த அந்த மருத்துவச்சியின் பெயர் இன்றைக்கும் பட்டதாரியின் சான்றிதழில் இருக்கிறது.

இப்போது அந்த நஷ்டத்துக்கு வருகிறேன். எங்க குழுவில் ஒரு அக்கா, மகளுக்காக உள்கடன் நாற்பத்தைந்தாயிரம் வாங்கினார். பக்கத்து டவுனில் மாடியில் நடக்கிற ஒரு நிறுவனம். "பத்தாவது பாஸா பெயிலா பரவாயில்லை, ஒரு வருஷ டிப்ளமோ நர்சிங், நூறு சதவீதம் வேலை" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைச் சேலை, தொப்பி, பட்டமளிப்பு விழா போட்டோ எல்லாம் உண்டு. முடித்துவிட்டு வந்த பொண்ணு அரசு வேலைக்கு விண்ணப்பம் போடப் போனபோது குழுமப் பதிவு எண் கேட்டார்கள். இல்லை. அந்தச் சான்றிதழை வைத்துப் பதிவே செய்ய முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஒரு கிளினிக்கில் மாசம் ஆறாயிரத்துக்கு நிற்கிறாள். ஊசி போடச் சொல்கிறார்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார்கள். ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு? கடனை அந்த அக்கா இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு தவணையும் தவறவில்லை. இவரைப் போல நம்ம வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. வெட்கப்படவேண்டியது அவர்கள் இல்லை.

பதிவு உள்ள படிப்பு முடித்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அரசு மருத்துவமனைகளுக்கு 2012-லிருந்து மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆள் எடுக்கிறார்கள். அதிலும் நிறையப் பேர் தொகுப்பூதியத்தில்தான் வேலையில் நுழைகிறார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-க்கு மேல் வேலையை நீட்டிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்தோம். வெளிநாட்டு வேலைக்கு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒருமுறை விசாரிக்கவேண்டும்.

கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணம் ஆனால் நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லை என்கிற எண்ணம் பழைய காலத்தோடு போய்விடவில்லை. ராணுவத்தில் ஒரு செவிலியரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டு, 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அது தப்பு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு வருஷம் ஆனது. நம்ம வீட்டில் "படிப்பை முடிச்சிட்டா மாப்பிள்ளை கிடைக்கமாட்டான், நைட் டூட்டி போற பொண்ணை யார் கட்டுவா" என்று பேசுகிறவர்கள் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

நம்ம குழுக்களுக்கும் இந்த வரலாற்றில் இப்போது இடம் வந்திருக்கிறது. 1989-ல் தர்மபுரியில் சேமிப்புக்காகத் தொடங்கிய மகளிர் குழுக்கள், சுகாதார வேலைக்கு வரும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீட்டுக்கே போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்களைக் குழுப் பெண்களிலிருந்துதான் எடுத்தார்கள். அவர்களை ஊரில் "மாத்திரை அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். செவிலியர் படிப்பு படிக்காத அவர்களுக்கும் சரியான பயிற்சியும் நியாயமான ஊதியமும் வேண்டும் என்று கேட்பது நம்ம கூட்டமைப்பின் வேலை.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்கு, மேற்படிப்புப் படிக்கிற காலம் முழுக்க மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும். 2022 செப்டம்பர் 5-லிருந்து நடக்கிறது. அங்கீகாரம் உள்ள கல்லூரியாக இருந்தால் வங்கியில் கல்விக்கடன் கேட்கலாம். மாடியில் நடக்கிற நிறுவனத்துக்கு எந்த வங்கியும் கொடுக்காது, அதனால்தான் நம்ம உள்கடனுக்கு வருகிறார்கள்.

போன மாதக் கூட்டத்தில் இதைப் பேசினோம். இனிமேல் செவிலியர் படிப்புக்கென்று கடன் கேட்டால், அந்த நிறுவனத்தின் பெயர் தமிழ்நாடு செவிலியர் குழுமப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீர்மானத்தில் எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. பி.எஸ்சி. என்றால் எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது என்றும் கேட்போம். பார்க்கத் தெரியாதவர்களுக்கு எங்கள் கணக்காளர் தங்கச்சி போனில் பார்த்துச் சொல்வார். பத்தாவது ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள், பிளஸ் ஒன் சேருவதற்கு முன்னாடி, பொண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊராட்சி சேவை மையத்தில் இருப்போம்.